ஜன்னலில் நின்றவள்

"அவளுக்கு என்னதான் வேணுமாம்?"

ஹாலிவுட்டில் ஒரு பெரிய ஸ்டுடியோவின் வாசலுக்கு நேர் எதிரே இருந்த ராக்னாவின் சாப்பாட்டுக் கடையில், இந்தக் கேள்வி உப்பு ஜாடி மாதிரி கைமாறிக்கொண்டே இருந்தது. விளக்குக்காரர்கள் கேட்டார்கள். தச்சர்கள் கேட்டார்கள். ரோமானியப் படைவீரன் உடுப்பு கறைபடாமல் இருக்கக் கழுத்தில் காகிதத்தைச் செருகிக்கொண்டு முட்டை தின்ற துணை நடிகர்களும் கேட்டார்கள். வாராவாரம் சம்பளம், வாசலில் கார், முகம் துடைத்துவிட ஓர் ஆள் என்று எல்லாம் இருக்கிற ஒருத்தி, கொடுக்கிற வேஷத்தையெல்லாம் 'முடியாது' என்று திருப்பி அனுப்பினால் ஊர் கேட்கத்தானே செய்யும்.

அந்த ஒருத்தி சுவரொட்டிகளில் ஐவி லோரிங். ராக்னாவுக்குத் தங்கை சோல்வே. இந்தக் கேள்விக்கு ராக்னா ஒருநாளும் பதில் சொன்னதில்லை. காபியை ஊற்றிவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்துவிடுவாள். தங்கையை விட்டுக்கொடுக்காத அக்கா என்று சிலர் நினைத்தார்கள். அவளுக்குப் பதில் தெரியாது என்பதுதான் உண்மை. தெரியாமலேயே தன் வயதும் சேர்ந்து போய்க்கொண்டிருக்கிறதே என்ற எரிச்சல் வேறு.

இருவரும் வடக்கு டகோட்டாவின் கோதுமைச் சீமையிலிருந்து வந்த நார்வேக்காரக் குடும்பத்துப் பெண்கள். நிலம் கைவிட்டுப் போனதும் தகப்பனார் தன் தம்பி வீட்டில் ஒண்டிக்கொண்டார், பெண்கள் ரயிலேறினார்கள். ராக்னா இந்தக் கடையில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்து, சில வருடங்களில் கடையையே எடுத்து நடத்தத் தொடங்கினாள். சோல்வே ஸ்டுடியோவுக்குள் காபி கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒருநாள் உள்ளே ஓர் இயக்குநர், கதாநாயகியின் கன்னத்தில் நிழல் சரியாக விழவில்லை என்று விளக்குக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். தப்பு விளக்கில் இல்லை, கன்னத்தில்தான் என்று காட்டுவதற்காக அவர்கள் காபிப் பெண்ணைப் பிடித்து அந்த இடத்தில் நிறுத்தினார்கள். நிழல் சரியாக விழுந்தது.

நடந்தது அவ்வளவுதான். பின்னால் ஸ்டுடியோவின் விளம்பர ஆட்கள் இதற்கு எத்தனையோ கதை கட்டினார்கள். ஒன்றில் அவள் பாதிரியாரின் மகள், இன்னொன்றில் பனிப்புயலில் வழிதவறியவள். எந்தக் கதையிலும் அக்கா கிடையாது, காபியும் கிடையாது.

ஒப்பந்தம் ஏழு வருடத்துக்கு. சோல்வேக்கு இருபத்தொரு வயது ஆகவில்லை என்பதால், நீதிபதி முன்னால் ராக்னாதான் காப்பாளராக நின்று ஒப்புக்கொண்டாள். திரும்பி வரும் வழியில், "ஏழு வருஷம்தானே. டாக்டருக்குப் படிக்கறவன்கூட அவ்வளவு வருஷம் படிக்கறான். நீ சும்மா நிக்கப்போற," என்றாள்.

"சும்மா நிக்கறது சும்மாவா அக்கா? நின்னு பாரு தெரியும்," என்றாள் சோல்வே. அன்றைக்கு அது வேடிக்கைப் பேச்சு.

அவள் பெரிய நடிகை என்று சொல்ல முடியாது. அவளுக்கு இரண்டு விஷயம் நன்றாக வந்தது. ஒன்று, அசையாமல் நிற்பது. மற்றது, ஆட்களைச் சிரிக்கவைப்பது. முதலாவதைத்தான் ஊர் உலகம் பார்த்தது.

பேர் வாங்கித் தந்த முதல் படத்தில் அவள் ஒரு மீனவனின் மனைவி. கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. கடைசிக் காட்சியில் அவள் ஜன்னலோரம் நின்று வெளியே பார்க்கிறாள், வேறெதுவும் செய்வதில்லை. கொட்டகைகளில் ஆண்களும் கைக்குட்டையை எடுத்தார்கள். அப்படி ஓர் ஏக்கத்தை எந்த முகத்திலும் கண்டதில்லை என்று விமர்சகர்கள் எழுதினார்கள்.

அதைப் படித்துக் காட்டியபோது சோல்வே சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காபி சிந்தியது. "ஏக்கம்தான், இல்லேங்கல. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு தச்சன் உக்காந்து பன்றி இறைச்சி வெச்ச ரொட்டி தின்னுட்டிருந்தான். என்னை ரெண்டு வாரமா கீரையும் வெந்நீருமா போட்டு வெச்சிருக்காங்க. அவன் வாய்க்குப் போறதையும் வர்றதையும் பாத்துட்டே நின்னேன்."

அதன் பிறகு அவளுக்கு வந்ததெல்லாம் ஜன்னல். சிறைக் கைதியின் மனைவி, ஜன்னல். போருக்குப் போன டாக்டரின் காதலி, ஜன்னல். ரயில் ஜன்னல், மருத்துவமனை ஜன்னல், மழை வழியும் ஜன்னல். யாரோ எங்கோ போயிருப்பார், இவள் நிற்பாள். ஸ்டுடியோத் தலைவர் ஸ்ட்ராட்டன் நல்ல வியாபாரி. ஒரு பானையில் ஒருமுறை சோறு நன்றாக வெந்துவிட்டால், அந்தப் பானையில் வேறு எதையும் வைக்கவிடாத மனிதர்.

சோல்வே கேட்டது ஒரே ஒரு வேஷம். ஸ்டுடியோவின் அலமாரியில் ஒரு கதை தூங்கிக்கொண்டிருந்தது: வாய் திறந்தால் பொய் சொல்லும் ஒரு விடுதிக்காரி, குடியிருப்பவர்கள் ஒவ்வொருவரிடமும் தன் புருஷனைப் பற்றி வெவ்வேறு கதை சொல்லி வைத்திருப்பாள், எந்தப் பொய்யை யாரிடம் சொன்னோம் என்று அவளே குழம்பிப்போய், கடைசியில் எல்லாரையும் விட்டுவிட்டுக் கதவைத் திறந்து வெளியே நடந்துவிடுவாள். கடையின் சமையலறையில் சோல்வே அந்த விடுதிக்காரியாக நடித்துக் காட்டுவாள். பாத்திரம் கழுவுகிறவர் சோப்பு நுரையோடு தரையில் உட்கார்ந்துவிடுவார். ராக்னாவுக்கே, கோபமாக இருக்கிற நாளில்கூட, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சிரிக்க வேண்டியிருக்கும்.

ஸ்ட்ராட்டன் சிரிக்கவில்லை. "இந்த முகம் சிரிக்கறதைப் பாக்க ஒருத்தனும் காசு குடுக்க மாட்டான்," என்றார்.

அப்போதுதான் சோல்வே முதல் தடவையாக ஒரு ஜன்னலை முடியாது என்றாள். ஒப்பந்தம் என்பது என்ன என்று அக்காவும் தங்கையும் அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டார்கள்.

ஒரு வேஷத்தை மறுத்தால், அந்தப் படம் வேறொருத்தியை வைத்து முடிகிறவரை சம்பளம் கிடையாது. அது நியாயம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்தக் காலம் ஏழு வருடக் கணக்கில் சேராது. அதைக் கடைசியில் கொண்டுபோய் ஒட்டுவார்கள். மூன்று மாதம் மறுத்தால் விடுதலை மூன்று மாதம் தள்ளிப்போகும். அந்த மூன்று மாதமும் வேறு எங்கும் நடிக்கக்கூடாது, மேடையேறக்கூடாது, வானொலியில் பேசக்கூடாது. முடியாது என்று சொல்லச் சொல்ல, எதை முடியாது என்றாளோ அதுவே நீண்டுகொண்டு போனது. சரி என்றால் ஜன்னல். முடியாது என்றால் இன்னும் நீண்ட காலத்துக்கு ஜன்னல்.

இதில் மாட்டிக்கொண்டது சோல்வே மட்டும் இல்லை. லூ பசானோ என்று ஸ்டுடியோவில் ஒரு விளக்குக்காரர். கன்னத்து நிழலுக்காகக் காபிப் பெண்ணை நிறுத்தியவர்களில் ஒருவர். கொஞ்சம் தொந்தி, நல்ல கை, ஓயாத வாய். அவர் ராக்னாவைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருந்தார். ஃபிரெஸ்னோ பக்கம் அவருடைய அண்ணனுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. அங்கே போய்விடலாம் என்பது திட்டம். ராக்னா, "சோல்வேயோட ஏழு வருஷம் முடியட்டும். அதுவரைக்கும் இவளை இந்த ஊர்ல தனியா விட முடியாது," என்று சொல்லியிருந்தாள்.

இரண்டாவது மறுப்புக்குப் பிறகு லூ கரண்டியால் காபியைக் கலக்கிக்கொண்டே, "முதலாளியம்மா, ஒரு சந்தேகம். நம்ம கல்யாணத்தையும் எடுத்துக் கடைசிலதான் ஒட்டுவாங்களா?" என்று கேட்டார்.

"வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க," என்றாள் ராக்னா.

"ரெண்டையும் ஒண்ணா செய்ய முடியாது. அதையும் ஒப்பந்தத்துல எழுதச் சொல்லுங்க."

சம்பளமில்லாத நாள்களில் சோல்வே கடைக்கு வந்துவிடுவாள். வாடகைக் காரை அனுப்பிவிட்டு, தலையில் துணி கட்டிக்கொண்டு, ஆப்பிளை மாவுக்குள் வைத்துச் சுட்ட 'ஆப்பிள் பை' பலகாரத்தைத் துண்டுபோட்டு மேசைகளுக்குக் கொண்டுபோவாள். துணை நடிகர்களின் சாயம் கோப்பை விளிம்பில் ஈஷிக்கொள்ளும். அதைத் தேய்த்துக் கழுவுவதே பாதி வேலை. அதையும் செய்வாள். கூட்டம் கதவுக்கு வெளியே நின்றது. ராக்னாவின் கடை அப்படி நடந்ததே இல்லை.

நாலாவது நாள் கிம்பல் வந்தார். ஸ்டுடியோவின் வக்கீல். மெலிந்த மனிதர், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டேதான் பேசுவார். ஒரு ஸ்டூலில் நுனியில் உட்கார்ந்து, "மிஸ் லோரிங், நீங்க ஆப்பிள் பை குடுக்கறதை நிறுத்தணும்," என்றார்.

"ஏன், புளிச்சுப் போச்சா?"

"பொதுமக்கள் முன்னாடி நீங்க தோன்றது, கூலிக்கோ சும்மாவோ, எங்க அனுமதியில்லாம கூடாது. ஒப்பந்தத்துல இருக்கு."

"பொதுமக்களா?" சோல்வே சுற்றிப் பார்த்தாள். "இவர் லூ. அவன் நேத்திக்குக் குதிரையிலேருந்து விழுந்தவன். அந்த மூலைல இருக்கறது ஜூலியஸ் சீசரோட காவக்காரன்."

"வெளியில நிக்கறாங்களே, அவங்க உங்களைப் பாக்க வந்தவங்க."

"என் கடை பைக்கு வந்தவங்க," என்றாள் ராக்னா, குரலை உயர்த்தாமல்.

லூ வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "பைக்கு இல்ல, முதலாளியம்மா. உங்க மனசு நோகக்கூடாதுன்னு இத்தனை நாளா யாரும் சொல்லல."

கடை முழுக்கச் சிரித்தது. கிம்பல்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். ஆனால் அவர் எழுந்து போகவில்லை. தெருவில் நடந்தால் தோன்றுவதாகுமா என்று சோல்வே கேட்டாள்; ஆகாது என்றார். தேவாலயத்தில் பாடினால்? கூட்டத்தோடு பாடினால் ஆகாது, தனியாகப் பாடினால் ஆகும். தும்மினால்? அவர் யோசித்துவிட்டு, அதற்கு முன்மாதிரித் தீர்ப்பு ஏதும் இல்லை என்றார். கிண்டல் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்வது அவர் பழக்கம்.

கடைசியில் முடிவானது இதுதான்: அவள் சமையலறைக்குள் இருக்கலாம். யார் கண்ணிலும் படக்கூடாது.

சமையலறைக்கும் கவுண்டருக்கும் நடுவே தட்டு நீட்டுவதற்கு ஒரு சதுரமான திறப்பு இருந்தது. கிம்பல் அதைப் பார்த்தார். ராக்னாவும் பார்த்தாள். எல்லாருக்கும் புரிந்தது: அந்தச் சதுரத்துக்குள் சோல்வே நின்றால் அது ஒரு ஜன்னல், ஜன்னலில் நிற்கும் ஐவி லோரிங் ஸ்டுடியோவின் சொத்து. மறுநாள் ராக்னா நீலக் கட்டம் போட்ட மேசைத்துணி ஒன்றைக் கிழித்து அங்கே தொங்கவிட்டாள். துணிக்குக் கீழே தட்டு வருகிற அளவுக்கு மட்டும் இடைவெளி. இரண்டு கை தெரியும், அவ்வளவுதான்.

கிம்பல் வாரம் ஒருமுறை வந்து துணி தொங்குகிறதா என்று பார்த்தார். பார்த்துவிட்டுச் சாப்பிட்டார். மாட்டிறைச்சி உருண்டையும் உருளைக்கிழங்கும். முதல் வாரம் சாப்பிட்டு முடித்ததும் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "சமைச்சவங்ககிட்ட சொல்லுங்க, ரொம்ப நல்லா இருந்துதுன்னு," என்றார்.

துணிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "சமைச்சவங்க இங்க இல்லவே இல்லன்னு சொல்லுக்கா."

இப்படியே மறுப்புகள் கூடின. இடையில் ஒருமுறை அவள் சரி என்றாள். ஸ்ட்ராட்டன் நேரில் கூப்பிட்டு, "இந்த ஒரு படம் மட்டும் நின்னு குடு. அடுத்தது விடுதிக்காரி உனக்குத்தான்," என்று கைகொடுத்திருந்தார். கலங்கரைவிளக்கத்தின் உச்சியில் ஒரு ஜன்னல் அது. கடுங்காற்று, செயற்கைக் கடல்நீர். பல்லைக் கடித்துக்கொண்டு நின்று முடித்தாள். அந்த நாள்களில் அவள் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் விடுதிக்காரியின் நடையைப் பழகினாள். இடுப்பில் சாவிக்கொத்து வேண்டும் என்று ராக்னாவின் கடைச் சாவிகளை எடுத்துக்கொண்டாள். பூட்டவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் ராக்னா தவித்தாள், ஆனால் கேட்கவில்லை.

படம் வெளிவந்தது, ஓடியது. அடுத்து வந்த கதைத் தாள்களில் விடுதிக்காரி இல்லை. குன்றின்மேல் ஒரு வீடு, மாலுமிக்காகக் காத்திருக்கும் மகள். விடுதிக்காரியைப் பற்றிக் கேட்டதற்கு, அந்தக் கதை இன்னும் பழுக்கவில்லை என்று பதில் வந்தது.

சோல்வே சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தாள். "முடியாதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

ராக்னாவுக்கு அன்றுதான் பொறுமை போனது. மத்தியானக் கூட்டம் கலைந்து, கடையில் லூவைத் தவிர யாரும் இல்லை. "உனக்கு என்னதான்டி வேணும்?" என்றாள். ஊர் கேட்டதை அவள் வாயால் கேட்டது அதுவே முதல்முறை. "நின்னுட்டு வாயேன். சும்மா நின்னுட்டு வா. ஆறு வாரம். கண்ணை மூடித் திறந்தா முடிஞ்சிடும். நீ சரின்னு சொல்லிட்டே வந்திருந்தா இந்நேரம் வெளியில வந்திருப்பே. எனக்கு முப்பத்தெட்டு வயசாகுது. அதை யார் கடைசில ஒட்டறது?"

லூ கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

சோல்வே சாவிக்கொத்தை அவள் பக்கம் தள்ளினாள். பிறகு, "நீ போ அக்கா. ஃபிரெஸ்னோவுக்குப் போ. எனக்காக நிக்காதே. உன்னை யார் ஜன்னல்ல நிக்கச் சொன்னா?" என்றாள்.

அது உண்மைதான். ராக்னாவை யாரும் நிற்கச் சொல்லவில்லை. ஆனால் நீதிபதி முன்னால் தலையாட்டியது அவள். 'ஏழு வருஷம்தானே' என்று சொன்னதும் அவள். தங்கையின் விடுதலையில்தான் தன்னுடையதும் இருக்கிறது என்று ஒருமுறை நினைத்துவிட்ட பிறகு, வேறு எப்படி நினைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. காத்திருக்கிறவர்களுக்கு உள்ள சங்கடம் இது: காத்திருப்பது தாங்கள் எடுத்த முடிவு என்பதே நாளடைவில் மறந்துபோகிறது.

அவள் உள்ளே போய் உருளைக்கிழங்கு உரித்தாள். சிறிது நேரத்தில் சோல்வேயும் வந்து எதிரே உட்கார்ந்து ஒரு கத்தியை எடுத்துக்கொண்டாள். இருவரும் மூட்டையைப் பாதியாக்கினார்கள்.

பிறகு போர் வந்தது. காபிக்கும் இறைச்சிக்கும் பங்கீடு வந்தது. தச்சர்களில் பாதிப்பேர் சீருடை மாட்டிக்கொண்டு போனார்கள். நாடு முழுக்கப் பெண்கள் ஜன்னலில் நின்றதால் ஐவி லோரிங்குக்கு எப்போதையும்விடக் கிராக்கி. அவள் சிலவற்றை ஏற்றாள், சிலவற்றை மறுத்தாள். எந்தக் கணக்கில் ஏற்கிறாள், எதில் மறுக்கிறாள் என்று யாருக்கும் பிடிபடவில்லை. ஏழு வருடம் எப்போதோ தாண்டிவிட்டது. ஒட்டுப்போட்ட காலம் மட்டும் வால் மாதிரி நீண்டு கிடந்தது. லூ கேட்பதை நிறுத்திவிட்டார். கிண்டலையும் குறைத்துக்கொண்டார். ராக்னாவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

போர் முடிகிற தறுவாயில் ஒரு காலைநேரம், லூ தெருவைக் குறுக்கே ஓடிவந்தார். அந்த உடம்போடு அவர் ஓடி ராக்னா பார்த்ததில்லை. வேறொரு ஸ்டுடியோவின் நடிகை ஒருத்தி வழக்குப் போட்டிருந்தாள். அது எல்லாருக்கும் தெரியும், ஜெயிக்கமாட்டாள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அவள் ஜெயித்துவிட்டாள். ஏழு வருடம் என்றால் நாள்காட்டியில் இருக்கிற ஏழு வருடம்தான், ஒட்டுவேலை செல்லாது என்று மேல்நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

"அப்படின்னா?" என்றாள் ராக்னா.

"அப்படின்னா உங்க தங்கச்சி எப்பவோ வெளிய வந்துட்டா. அவளுக்குத்தான் தெரியல. நமக்கும் தெரியல."

அப்போது சோல்வே ஒரு மறுப்பின் நடுவில் இருந்தாள். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ராக்னா கவுண்டரைச் சுற்றிப் போகக்கூடப் பொறுக்கவில்லை. கையை நீட்டி அந்த நீலக் கட்டத் துணியைப் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்தாள். ஆணிகள் தெறித்தன. சதுரத்துக்குள் தங்கையின் முகம் தெரிந்தது. வெங்காயத்தால் கண்ணில் நீர்.

கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஸ்டூலில் கிம்பலும் இருந்தார், அது அவருடைய கிழமை. அவர் தட்டைக் கொஞ்சம் நகர்த்திவைத்து, எழுந்து, அந்தத் திறப்பைப் பார்த்துத் தலைதாழ்த்தி, "உருண்டை ரொம்ப நல்லா இருந்தது, மிஸ் லோரிங். இத்தனை வருஷமும்," என்றார்.

"எப்பவோ சொல்லியிருக்கலாமே," என்றாள் சோல்வே.

"சொல்லிட்டுத்தான் இருந்தேன். நீங்க இல்லன்னு சொல்லச் சொன்னீங்க."

இரண்டே வாரத்தில் வின்டர்ஸ் வந்தார். சொந்தமாகச் சின்னக் கம்பெனி வைத்திருந்த தயாரிப்பாளர். ஸ்ட்ராட்டனின் அலமாரியிலிருந்து விடுதிக்காரியை விலைக்கு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். ஒரே ஒரு படம். ஏழு வருடம் இல்லை, ஏழு மாதம்கூட இல்லை. தலைப்பில் அவள் பெயர், அவள் விரும்பினால் சோல்வே என்ற பெயரே. ராக்னா தாளை வாங்கி வரிவரியாகப் படித்தாள். இம்முறை எதையும் விடவில்லை. பொடி எழுத்தில் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. லூவும் படித்தார். கிம்பலிடம்கூடக் காட்டினார்கள். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "இதுல தப்பு எதுவும் இல்ல. எனக்கே ஆச்சரியமா இருக்கு," என்றார்.

கடையிலேயே வின்டர்ஸ் ஒரு காட்சியைப் படிக்கச் சொன்னார். சோல்வே ஏப்ரனோடு நின்று, ராக்னாவின் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, குடியிருப்பவர்கள் நாலு பேருக்கும் நாலு புருஷன்களைப் பற்றிச் சொன்னாள். நாலாவது புருஷன் சாகும்போது வின்டர்ஸ் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். சாமர்த்தியம் என்று ராக்னா அவ்வளவு நாள் நினைத்திருந்தது அதற்கும் மேலே ஏதோ ஒன்று என்று அன்று தெரிந்தது. புகழ்ந்து பேசுகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. "பரவாயில்லயே," என்றாள்.

திங்கட்கிழமை காலை கையெழுத்து. ஞாயிறன்று ராக்னா லூவிடம், ஜூன் மாதம் சரிப்படுமா என்று கேட்டாள். லூ எழுந்து போய்த் தன் தொப்பியைத் தேடினார்; அது அவர் தலையில்தான் இருந்தது. திராட்சைத் தோட்டத்து வீட்டுக்குக் கடிகாரம் ஒன்று வாங்க வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். ராக்னாவின் சாப்பாட்டுக் கடையை யாருக்காவது விற்றுவிடுவது என்றும் பேசிக்கொண்டார்கள்.

திங்கள் காலை வின்டர்ஸின் கார் வாசலில் வந்து நின்றபோது சோல்வே சமையலறையில் இருந்தாள். அடுப்பில் முட்டை. ராக்னா ஓடிப்போய், "இன்னும் கிளம்பலயா? அவர் வந்துட்டார்," என்றாள்.

"தெரியும். நான் போகலன்னு சொல்லிடு."

"என்ன?"

"முடியாதுன்னு சொல்லிடுக்கா. மரியாதையாவே சொல்லு. நல்ல மனுஷன்."

ராக்னா பக்கத்தில் இருந்த மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். "யாராவது எதாவது சொன்னாங்களா? ஸ்ட்ராட்டன் மிரட்டினானா?"

"இல்ல."

"பயமா இருக்கா?"

"இல்ல."

"எனக்காகவா? நான் கல்யாணம் பண்ணிட்டுப் போறேன்னா? கடைக்காகவா?"

சோல்வே முட்டையைத் திருப்பிப் போட்டாள். "கடையை யாருக்கும் விக்காதே. நான் பாத்துக்கறேன். நீ ஜூன்ல போ."

"இதுக்காகத்தானே பத்து வருஷம்... இதே வேஷத்துக்காகத்தானே..." என்றாள் ராக்னா. இந்த முறை மறுக்க ஒப்பந்தமும் இல்லை, ஸ்ட்ராட்டனும் இல்லை, ஜன்னலும் இல்லை. மறுப்பு மட்டும் தனியாக நின்றது. "ஏன்னாவது சொல்லுடி. ஒரே ஒரு வார்த்தை."

"முட்டை தீயப்போகுது, தட்டு எடு," என்றாள் சோல்வே.

ராக்னா வெளியே போய் வின்டர்ஸிடம் சொன்னாள். அவர் நம்பாமல் உள்ளே வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பேசினார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். விடுதிக்காரியாக வேறொருத்தி நடித்தாள். படம் சுமாராகப் போனது.

ஜூனில் கல்யாணம் நடந்தது. ராக்னா ஃபிரெஸ்னோவில் திராட்சை காயப்போடக் கற்றுக்கொண்டாள். வருடத்தில் இரண்டு தடவை வந்து தங்கையிடம் அதே கேள்வியைக் கேட்டாள். கோபமாகக் கேட்டுப் பார்த்தாள், கெஞ்சிக் கேட்டுப் பார்த்தாள், பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தாள். சோல்வே ஒவ்வொரு முறையும் சாப்பிட ஏதாவது எடுத்து வைத்தாள்.

அந்தத் திங்கட்கிழமை நடந்த இன்னொன்றை மட்டும் ராக்னா யாரிடமும் சொன்னதில்லை, லூவிடம்கூட. மத்தியானக் கூட்டம் வருவதற்கு முன்னால் சோல்வே கை கழுவினாள். மூலையில் சுருட்டிப் போட்டிருந்த நீலக் கட்டத் துணியை எடுத்து உதறினாள். கிழிந்த ஓரத்தை மடித்துத் தைத்தாள். அடுப்புக்கும் மூட்டைகளுக்கும் பின்னால் தேடி, அன்று தெறித்துப்போன ஆணிகளைப் பொறுக்கினாள். இப்போது அதை மாட்டச் சொல்ல ஸ்டுடியோ இல்லை, தொங்குகிறதா என்று கிம்பல் வந்து பார்க்க வேண்டிய கிழமையும் இல்லை. அவள் ஸ்டூலில் ஏறி நின்று, வாயில் ஆணிகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து அடித்து, அந்தத் துணியை அந்தத் திறப்பில் மறுபடியும் மாட்டினாள். கீழே தட்டு வருகிற அளவுக்கு மட்டும் இடம் விட்டாள்.